ஒரு பக்கம் முடியும்வரை

இன்ஸ்பெக்டர் ஐயா, கொடைக்கானல் குளிர் முதலில் காதில்தான் பிடிக்கும். வத்தலக்குண்டிலிருந்து மாற்றலாகி வந்த உங்களுக்கு அது இதற்குள் தெரிந்திருக்கும். கை காலைப் போர்வைக்குள் சுருட்டிக்கொள்ளலாம், காதை என்ன செய்வது? ஊரே மப்ளர் சுற்றிக்கொண்டு திரிகிறது. எனக்கு நான்கு வருடமாக மப்ளர் தேவைப்படவில்லை. என்னிடம் ஹெட்போன் இருந்தது.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். என் பெயர் சூசைமாணிக்கம், வயது நாற்பத்தாறு, வீடு செண்பகனூரில். மேலே ஒரு பள்ளிக்கூடத்தில் இசை அறையைத் துடைத்துப் பூட்டும் வேலை. 1978-ல் அங்கிருந்த அமெரிக்க வாத்தியார் ஊர் திரும்பினார். போகும்போது சாமான்களை வராந்தாவில் பரப்பி விற்பதும், வேலையாட்களுக்கு ஆளுக்கொன்று சும்மா கொடுப்பதும் அவர்கள் வழக்கம். சமையல்காரருக்குக் கம்பளிக் கோட்டு கிடைத்தது. எனக்கு ரெக்கார்டு பிளேயர், சில இசைத்தட்டுகள், அந்த ஹெட்போன்.

அதைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. அரைக் கிலோ கனம். காதை முழுதாக மூடும் தோல் மெத்தைகள். மாட்டிய முதல் நிமிடம் தலை கனக்கும். பிறகு கனமே தெரியாது, யாரோ இரண்டு கையாலும் தலையைத் தாங்கிப் பிடித்திருப்பதுபோல் இருக்கும். பியானோ வாசிப்பவர் பெடலை மிதிக்கும் சத்தம்கூடக் கேட்கும். வெளிச் சத்தம் ஒன்றும் வராது.

வெளிச் சத்தம் என்றால் என் அண்ணன் பவுல்ராஜ். பஸ் டிரைவராக இருந்தவர். அப்பா போனபிறகு என்னை வளர்த்தவர், எனக்காகக் கல்யாணமே செய்துகொள்ளாதவர். 1976-ல் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறியது, தொண்டையில் சளி கட்டும். ஈரச் செருப்போடு யாரோ நடப்பதுபோல் அவர் மூச்சு சளக் சளக்கென்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஆறு வருடம் அவரைக் குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டியது நான். ஊரில் விசாரியுங்கள். பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே என்னை எடுத்துச் சொல்லியிருக்கிறார். அண்ணன் என்றால் எனக்கு உயிர்.

பகலில் பக்கத்து வீட்டுக் கித்தேரியம்மாள் அக்கா அவரைப் பார்த்துக்கொள்வார். மூன்று மணிக்கு நான் வந்ததும் போய்விடுவார். மூன்றிலிருந்து நான்கு வரை எனக்கென்று ஒரு மணி நேரம். ஒருநாள் மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்தவர், நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டார். வந்து தோளை உலுக்கினார்.

"ஏலே மாணிக்கம், இதைக் காதுல மாட்டிக்கிட்டுக் கெடந்தா அண்ணன் கூப்பிட்டாக் கேக்குமாலே?"

"கேக்காதுக்கா."

"அப்ப ஒரு சோலி செய்யி. கயித்துல ஒரு முனைய அவரு கையில கட்டு, ஒரு முனைய ஒன் கையில கட்டு. இழுத்தாருன்னா வெரசா எந்திரிச்சுப் போ."

நல்ல யோசனை. அன்றே சணல் கயிற்றைக் கட்டினோம். அண்ணனுக்கு வலது கையில் பலம் இருந்தது. மலைப்பாதையில் ஸ்டியரிங் பிடித்த கை. ஒருமுறை இழுத்தால் தண்ணீர், இரண்டுமுறை என்றால் சிறுநீர். விடாமல் இழுத்தால் சளி அடைக்கிறது என்று பொருள், தலையைச் சாய்த்து விரலால் வழித்தெடுக்க வேண்டும்.

முதல் வருடம் இழுத்த உடனே எழுந்து போனேன். ஆனால் ஐயா, அவசரத்தில் ஊசியைத் தூக்கினால் தட்டில் கீறல் விழும். அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடம், அது முடிந்தபிறகுதான் போவேன். தண்ணீருக்கு இருபது நிமிடம் யாரும் பொறுக்கலாம். முதலில் அண்ணன் சிரமப்பட்டார், படுக்கையை நனைத்துவிடுவார். நான் ஒரு வார்த்தை திட்டியதில்லை, துடைத்தேன். போகப்போகப் பழகிக்கொண்டார். அவ்வளவு நல்ல மனிதர். நான் ஹெட்போனைக் கழற்றும்வரை, கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்திருப்பார்.

"பாட்டு முடிஞ்சிச்சாடா? இப்ப இழுக்கவா?" என்று குழறலாகக் கேட்பார்.

"இழுங்கண்ணே," என்பேன். இதில் கொடுமை எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பியானோத் தட்டு ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் சேர்ந்துதான் அது ஒரே இசை. முதல் பக்கம் முடிந்ததும் அண்ணன் வேலைகள் வந்துவிடும். அவற்றை முடிப்பதற்குள் நான்கு மணி ஆகிவிடும், கஞ்சி வைக்க வேண்டும். நான்கு வருடம் அதைப் பாதிதான் கேட்டேன். அது எனக்குப் பெரிய குறை.

அக்டோபர் பதினான்காம் தேதி மூன்று ஐந்துக்கு அந்தத் தட்டில் ஊசியை வைத்தேன். வெளியே மஞ்சு பனிமூட்டமாக இறங்கியிருந்தது. ஒரு நிமிடம் ஆகியிருக்காது, கயிறு இழுபட்டது. விடாமல் இழுபட்டது. அண்ணன் அப்படிச் செய்கிறவரில்லை. இவ்வளவு நாள் பழக்கத்தை இப்படி மறந்துவிட்டாரே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. கை ஆடிக்கொண்டே இருந்ததால் இசையில் மனம் நிற்கவில்லை. மணிக்கட்டைத் தொடைக்கும் நாற்காலிக்கும் நடுவே வைத்து அழுத்திக்கொண்டேன்.

என் மணிக்கட்டில் கயிறு பதித்த சிவப்புத் தடத்தை அடக்கத்தன்று பார்த்துத்தான் கித்தேரியம்மாள் அக்கா உங்களிடம் வந்திருக்கிறார். பழைய தழும்பு என்று நான் சொன்னது பொய். இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

சளி ஒரேயடியாக அடைத்துவிடாது. முதல் பக்கம் முடிந்தபோதும் கயிறு மெதுவாக இழுபட்டுக்கொண்டுதான் இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். கேட்பதற்கு அவரிடம் மூச்சு இல்லை. அரை நிமிட வேலை, எத்தனையோ முறை செய்த வேலை. நான் எழுந்து, தட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, மறுபடி உட்கார்ந்தேன். அவர் அப்போது உயிரோடு இருந்தாரா என்று கேட்டீர்கள். இருந்தார். எனக்குத் தெரியும்.

இரண்டாம் பக்கம் பாதி ஓடியபோது கயிறு தளர்ந்தது. அதன்பிறகு இடைஞ்சல் எதுவும் இல்லை. கடைசிவரை உட்கார்ந்து கேட்டேன். என்னை அவ்வளவு பாசமாக வளர்த்தவர், பாதியில் எழுந்து வரச் சொல்லியிருக்கமாட்டார்.