பன் மெல்றதுக்குள்ள வந்த காவல்காரன்

…சே, என் நேரம்ங்க! இல்ல இல்ல, உங்களச் சொல்லல. கூடைய கீழ வைங்க. மூணாவது மாடிக்குப் புதுசா வந்தவங்கதானே? நான் சிக்ஸ்டன். எல்லா வீட்டுக்கும் பொதுவான இந்தச் சலவை ரூமுக்கு ஆன்லைன்ல நேரம் பதியறீங்களே, அது என் கைவேலை. ஆமா… காலையில ஒரே நேரத்துல நாலு வீட்டுக்காரங்க கூடையோட வந்து நின்னாங்களே, அதுவும் என் கைவேலைதான். நேத்து சர்வர் படுத்துடுச்சு, யாருக்கு எந்த நேரம்னே தெரியாமப் போச்சு. சிரிக்காதீங்க!

நம்ம நார்ஷோப்பிங் ஊர்ல சைக்கிளத் திருடினாக்கூடப் பேசாம இருப்பாங்க. அடுத்தவங்க சலவை நேரத்துல கை வச்சோம்… தொலைஞ்சோம். சண்டை போட மாட்டாங்க, சீட்டு எழுதி ஒட்டுவாங்க. ‘அன்புள்ள அண்டை வீட்டாருக்கு’ன்னு ஆரம்பிச்சா, கொலவெறின்னு அர்த்தம்.

நம்ம குடியிருப்புச் சங்கத் தலைவி குன்வோர் சாயங்காலம் கூட்டம் போட்டிருக்காங்க. என் ஏற்பாட்டத் தூக்கிடணுமாம். அந்தா, செவத்துல மரப்பலகை தெரியுதா? அதுல கெழமையும் மணியும் போட்ட ஓட்டையில ஆளுக்கொரு பூட்டு மாட்டி நேரம் பிடிக்கிறது பழைய வழக்கம். அதையே திருப்பிக் கொண்டுவரணுமாம்!

எல்லாம் அந்த மானிட்டரிங் சாஃப்ட்வேரால வந்தது. சர்வர் நின்னா ஃபோனுக்குச் சேதி அனுப்புற காவல்காரன். ஆரம்பிக்க ரொம்பச் சுலபம்னு போட்டிருந்தான். சுலபம்தான்! ஒரே ஒரு வரி கமாண்ட். ஏலக்காய் பன்ன வாயில வச்சேன், மென்னு முழுங்கறதுக்குள்ள ஸ்க்ரீன்ல படம் படமா வந்துடுச்சு. எல்லாம் பச்சை. இவ்ளோ சுலபமா இருந்தா மனுஷன் எங்கங்க யோசிப்பான்? கஷ்டமா இருந்திருந்தா உக்காந்து படிச்சிருப்பேன்ல?

அப்புறம் ஓயாம சேதி. ‘சூடு கூடுது, சூடு கூடுது.’ பக்கத்துல துணி காயவைக்கிற டிரையர் ஓடினா சூடாகாம குளிரவா செய்யும்? அவ்ளோ வாயாடுனது, நேத்து சர்வரே நின்னப்போ… மூச்! ஒரு சேதி? ம்ஹூம்.

என்ன? எங்க நிறுவினேனா? இங்கதான்… அலமாரியில இருக்கே சின்னப் பெட்டி, அந்த சர்வர்லயே…

ஆமா, சர்வர்தான் நின்னுபோச்சு. அப்போ காவல்காரனும் கூடவே… அட. செத்தவன் எப்படி ஃபோன் பண்ணுவான்… ம்ம். வேற பெட்டியில வைன்னு மொதப் பக்கத்துலயே போட்டிருந்தான். நான்தான் பன் தின்னுட்டிருந்தேன்.

குன்வோர்கிட்ட சொல்லிடாதீங்க. கூட்டத்துல எனக்குத்தானே கை தூக்குவீங்க?… எங்க போறீங்க? அது பலகை… கையில என்ன, பூட்டா? அதுக்குள்ள உங்களுக்கும் குடுத்துட்டாங்களா!

ஏங்க, சனிக்கெழமை வேணா எடுத்துக்குங்க. ஞாயித்துக்கெழமை காலைய மட்டும் விட்டுடுங்க… என் பூட்டும் பையிலதான் இருக்கு.