இரும்புக்கூடு போட்ட ஜீப்பு

...அதான் சொல்றேன், அந்த வெல்டிங் செபஸ்தியானை நம்பி யாரும் வேலை குடுத்துராதீக! கொஞ்சம் அங்குட்டுத் தள்ளி உக்காருங்க. சொந்தமா ஜீப்பு வச்சிருக்கவன் இப்பிடிப் பஸ்ஸுல இடிபட்டுப் போறேன்னா யாரு காரணம்? அவன்தேன்!

பள்ளத்தூருக்குங்க. மாமியா வீடு. எம் பொண்டாட்டி அழகி அங்க போயி உக்காந்துக்கிட்டா. நம்ம ஜீப்பு, அறுபத்தெட்டுல மிலிட்டரி ஏலத்துல எடுத்தது... நல்ல வண்டி! கம்மாக்கரையில திருப்புறப்ப லேசாச் சாஞ்சிருச்சு. லேசாத்தேன். நாலு சக்கரமும் வானத்தைப் பாத்துச்சு, அம்புட்டுத்தேன். இவ பட்டுச்சேலையோட சேத்துல இருந்து எந்திரிச்சு, "பயமில்லாத வண்டியோட வந்து கூப்பிடுங்க, வாரேன். இல்லாட்டி ஆத்தா வீட்டுலயே கெடக்கேன்"னுட்டு பஸ் ஏறிட்டா.

இந்த செபஸ்தியான் என்ன சொன்னான்? "தடிச்ச பைப்ப வளைச்சுத் தலைக்கு மேல கூடு கட்டிட்டா, கவிழ்ந்தாலும் ஆளு நசுங்காது. பட்டறைக்குக் கொண்டாங்க"ன்னான். பட்டறை எங்க இருக்கு? நடுரோட்டுல! எம் பங்காளி தங்கச்சாமி தெனமும் அந்த வழியாத்தேன் போறான். அவன் கண்ணு இருக்கே... எங்க எருமையப் பாத்து "நல்லாருக்கே"ன்னான், அன்னைக்கே பால் வத்திப்போச்சுங்க! அதனால வண்டிய வீட்டு வண்டிக்கொட்டாய்க்குள்ள விட்டு, கதவைச் சாத்தி, வாசல்ல பூசணிக்காயக் கட்டித் தொங்கவிட்டு, "இங்கனயே செய்யி"ன்னேன். தப்பா? சொல்லுங்க, தப்பா?

அளவெடுக்க என்னைச் சீட்டுல உக்காரச் சொன்னான். தலைப்பாவோடதான் உக்காந்தேன். பெறகு? பொண்டாட்டியக் கூப்பிடப் போறவன் வெறுந்தலையோடயா போவான்? தலைப்பா இடிக்குது, இன்னும் ஒரு சாண் ஏத்துன்னேன். "வாசலு இருக்குங்களே..."ன்னு ஏதோ முனகுனான். "நீ வாசலைப் பாக்காத, வேலையப் பாரு"ன்னேன். அவன் அழுத்திச் சொல்லணுமா இல்லியா?

வேலை முடிஞ்சுச்சு. அடடா, கூடுன்னா அதான் கூடு! சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, வெளிய எடுத்தேன் பாருங்க... ணங்! வாசலுக்கு மேல கெடக்க கல்லுல இடிக்குது. டயர்ல காத்தை எறக்கிப் பாத்தேன். அப்பவும் ணங்!

கல்ல எடுப்போம்னா, கொட்டாயில தங்கச்சாமிக்கும் பாதிப் பங்கு. "தாத்தா வச்ச கல்லு, கை வைக்கப்படாது"ங்கிறான். சொல்லிட்டு, துண்டை வாயில வச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். செபஸ்தியானக் கேட்டா, "ஒரு சாண் அறுத்துட்டு ஒட்டித் தாரேன்"கிறான். ஒட்டுப்போட்ட கூட்டோட தங்கச்சாமி முன்னாடி நான் வண்டி ஓட்டணுமாக்கும்! ஆகாதுங்க, அது மட்டும் ஆகாது.

இன்னைக்கு ஜீப்போட வாரேன்னு வேற சொல்லிவிட்டுட்டேன். பெட்டியக் கட்டி வச்சுக்கிட்டு நிப்பா. மச்சினன் தெருவையே கூட்டி வச்சிருப்பான். அவ இல்லாத வீட்டுல சோறு எறங்கலைங்க. நெசமாச் சொல்றேன், எறங்கல...

என்ன எந்திரிச்சுட்டீக? ஊரு இன்னும் வரலையே! முன்னாடி எடம் இருக்கா? சரி சரி, போங்க. இதை மட்டும் கேட்டுட்டுப் போங்க... ஜீப்பு எங்கன்னு அவ கேக்கட்டுமே, எனக்கென்ன பயம்? தெகிரியமாச் சொல்லுவேன்: "அடியே அழகி, இனிமே அந்த வண்டி கவிழவே கவிழாது!"