நான்காம் குடிலின் சாவி

சீதாலெட்சுமிக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, டீயில் டின்பாலை இவ்வளவு ஊற்றியிருக்கக் கூடாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் என் கணவரின் தங்கை. சுங்கை வேயிலிருந்து இரண்டு பஸ் மாறி, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தாள். அண்ணனின் முதல் திதிக்கு நினைவுமலர் போடுகிறார்களாம். அதில் சேர்க்க அவருடைய பயணத் திட்டம் வேண்டும் என்றாள். ஃபைலை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். அதிலிருந்த ஒரு கடிதம் இப்போது மேசைமேல் கிடந்தது. டீயை அவள் தொடவில்லை.

"இது என்ன அண்ணி?"

கேட்டால் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஒரு வருடமாக யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

என் கணவர் சபாபதி முப்பது வருடம் பள்ளியில் புவியியல் நடத்தியவர். ஆல்ப்ஸ் மலைத்தொடரைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவார். எண்பத்தாறாம் வருடம் ஓய்வு பெற்றதும் அதை நேரில் பார்த்துவிட ஆசை வந்தது. ஆஸ்திரியாவில் ஆறு நாள் நடை. ஒரு கிராமத்தில் தொடங்கி, மலைகளைச் சுற்றிக்கொண்டு அதே கிராமத்தில் வந்து முடியும். வழியில் தங்க ஐந்து மலைக்குடில்கள். கூட்டம் குறைந்திருக்கும் என்று செப்டம்பர் கடைசியைத் தேர்ந்தெடுத்தவர் அவர். நாங்கள் இருவரும் போவதாகப் பேச்சு. அவர் மேப்பில் ஒரு கோடு போட்டார். மற்றதையெல்லாம் நான் செய்தேன். கல்யாணத்துக்கு முன் டைப்பிஸ்ட்டாக இருந்தவள் நான். குடில்காரர்களுக்குக் கடிதம் எழுதினேன். எந்த நாள் எத்தனை மணிநேரம் நடை, தண்ணீர் எங்கே, மழை வந்தால் எந்தப் பக்கம் இறங்குவது என்று எல்லாவற்றையும் குறித்தேன்.

ஞாயிறுதோறும் பத்துமலைக் கோயில் படிகளில் பயிற்சி. முதுகுப்பையில் பத்துக் கிலோ அரிசி. அரிசியை நான் சுமந்தேன். ஸ்டாப்வாட்சை அவர் சுமந்தார்.

ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிறு, கடைசிப் படியில் நின்று வாட்சைப் பார்த்தார்.

"கலா, உனக்கு மூச்சு வாங்குதுலா. ஜெயராஜ் வரேங்கிறான். அவனைக் கூட்டிட்டுப் போறேன்."

ஜெயராஜ் கிள்ளான்காரர், அவரோடு வேலை பார்த்த ஆசிரியர். அரிசி சுமந்து நான் பார்த்ததில்லை.

"அப்ப நான்?"

"நீதானே பிளான் போடுற ஆளு. வீட்டுல இருந்து பாத்துக்க. உன் பேர எடுத்துட்டு அவன் பேரப் போட்டு மூணு காப்பி அடிச்சிரு."

அடித்தேன். ஒரு பிழை இல்லை. அவரே பாராட்டினார்.

அடுத்த வாரம் நான்காம் குடிலிலிருந்து பதில் வந்தது. தத்தித் தத்தி எழுதிய ஆங்கிலம், ஆனால் மரியாதையான மனிதர். செப்டம்பர் இருபதாம் தேதியோடு குடிலை மூடிவிடுவார்களாம். நீங்கள் வருவதோ இருபத்து மூன்று என்று எழுதியிருந்தார். பக்கத்திலேயே குளிர்கால அறை ஒன்று உண்டு, விறகும் கம்பளியும் இருக்கும். அதன் சாவியைக் கிளம்பும் கிராமத்துத் தபால் நிலையத்தில் வாங்கிக்கொள்ளவும். சாவி இல்லாமல் மேலே வர வேண்டாம். கடைசி வரியை இரண்டு தடவை அடிக்கோடிட்டிருந்தார்.

"நாலாவது குடில்ல பதில் வந்துச்சா?" என்று மாலையில் என் கணவர் கேட்டார்.

"வந்துச்சுங்க."

அது பொய்யில்லை. திட்டத்தில் நான்காம் நாளுக்கு எதிரே 'கன்பர்ம்டு' என்று அடித்தேன். பக்கத்தில் 'சூடான சூப் கிடைக்கும்' என்றும் சேர்த்தேன். அவருக்குச் சூப் பிடிக்கும்.

நான்காம் நாள் பனி கொட்டியது. குடில் பூட்டியிருந்தது. உதவி தேடிக் கீழே இறங்கிய ஜெயராஜ், இரண்டு கால்விரல்களை அந்த மலைக்குக் கொடுத்துவிட்டுக் கிள்ளான் திரும்பினார். என் கணவருக்கு முட்டி தாங்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்தார். ஆள்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது அப்படியேதான் உட்கார்ந்திருந்தாராம். மூச்சு வாங்கவில்லை.

கொல்ல நினைத்தேன் என்று சொன்னால் அது மிகை. எட்டு மணிநேரம் நடந்து வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, ஒரே ஒரு தடவை அவர் என்னை நினைக்க வேண்டும் என்று விரும்பினேன். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் இது பெரிய ஆசையா? அங்கிருந்து கீழே இறங்க ஐந்து மணிநேரம் ஆகும், அதற்குள் இருட்டிவிடும் என்பது எனக்குத் தெரியும். அதைக் குறித்து வைத்ததும் நான்தானே.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். சீதாலெட்சுமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, இத யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். கடிதாசிய இப்பவே அடுப்புல போட்டுடலாம். எங்கிட்ட மட்டும், மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஃபைல்ல வெச்சுட்டு மறந்துட்டீங்க. நான் நம்பிக்கிறேன். எனக்கு இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

நல்ல பெண். போலீஸ் வேண்டாம், உறவு அறுந்துபோக வேண்டாம் என்கிறாள். அதற்கு அவள் கேட்பது ஒரே ஒரு சொல். ஆனால் மறதி என்று சொல்லிவிட்டால், அந்த ஆறு நாள் பயணத்தில் நான் இல்லவே இல்லை என்று ஆகிவிடும்.

கடிதத்தை மடித்து அவள் கையில் வைத்தேன்.

"இல்ல சீதா," என்றேன். "நான் எதையும் மறக்கல."