ஒரு வருடம் தாங்காது

எந்தக் காரைப் பார்த்தாலும் அதன் முன்மூலையை இரண்டு கையாலும் ஓர் அழுத்து அழுத்திவிட்டு, எத்தனை தடவை ஆடி அடங்குகிறது என்று எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். விருந்துக்குப் போனாலும் சரி, துக்கத்துக்குப் போனாலும் சரி, வாசலில் நிற்கும் வண்டிகளை நலம் விசாரித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். ஒருமுறை அலாரம் அலறி, வண்டிக்காரர் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துவிட்டார். "உங்க ஷாக் அப்சார்பர் போயிடுச்சு சார்" என்றேன். பாவம் பைத்தியம் என்று விட்டுவிட்டார்.

வண்டியோடு வந்த பாகம் தேய்ந்த பிறகு வெளியில் வாங்கி மாட்டும் பாகங்களைச் சோதித்து, ஒரு மோட்டார் பத்திரிகையில் மாதாமாதம் எழுதுகிறேன். பிழைப்புக்குச் சொந்தப் பட்டறை. எது உழைக்கும், எது உழைக்காது என்று நான் எழுதினால் கடைக்காரர்கள் அலமாரியையே மாற்றி அடுக்குவார்கள். என் வாக்கு தப்பியதே இல்லை என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு புதுக் கம்பெனியின் லோயர் ஆர்மைப் பற்றி எழுதினேன். சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புக் கை அது. அதன் நுனியில் பால் ஜாயிண்ட், அதாவது கிண்ணத்துக்குள் உருளும் ஒரு குண்டு. அதை மூடி ஒரு ரப்பர் உறை. உறை எனக்கு மெல்லியதாகப் பட்டது. "ஒரு வருடம் தாங்காது" என்று எழுதி அனுப்பிவிட்டேன். அதைக் கையில் வைத்துப் பார்த்தது மொத்தம் பத்து நிமிடம்.

என் தங்கை கணவர் அதையேதான் வாங்கிவந்தார். என்னை வம்புக்கு இழுப்பதில் அவருக்கு அப்படி ஒரு சுகம். மாட்டிக் கொடுத்ததும் நான்தான். சரியாக ஒரு வருடம் கழித்து வீட்டுக்குக் கூப்பிட்டார். போனால், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் கேக், ஒற்றை மெழுகுவத்தி.

"மச்சான், பிள்ளைக்கு ஒரு வயசாச்சு. நீங்கதான் ஊதணும்."

தங்கைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நானும் சிரித்தேன், ஊதினேன், இரண்டு துண்டு தின்றேன். வயிறு எரிந்ததற்குக் கேக்கின் மேல் பழி போட்டேன்.

மறுவருடம் இரண்டு மெழுகுவத்தி.

அந்த வாரம் சர்வீஸுக்கு வந்தபோது, உறையில் பிளேடால் நகக்கண் அளவுக்கு ஒரு கீறல் போட்டேன். அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதில் கவனமாகவே இருந்தேன். தூசியும் தண்ணீரும் உள்ளே போகும், மூட்டு தேயும், பள்ளத்தில் இறங்கினால் டொக் டொக் என்று சத்தம் வரும். அவர் வந்து, "நீங்க சொன்னது சரிதான் மச்சான்" என்பார். நானும் பெரிய மனது பண்ணிப் புதிதாக மாற்றிக் கொடுப்பேன்.

சத்தம் வரவில்லை. மூன்று மாதம் பொறுத்து, உள்ளே இருந்த கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். அதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. அடுத்த சர்வீஸில் ஒரு சிட்டிகை மணல். ஒவ்வொரு முறையும் வண்டியை வெளியே எடுத்துப் போய், வேகத்தடைகளைத் தேடித் தேடி ஏற்றி இறக்கி, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடைசியில் வீட்டுக்குத் திரும்பும்போது, நானே பாகம் பாகமாகப் பொறுக்கியெடுத்து மாட்டிய என் வண்டிதான் டொக் டொக் என்றது.

மூன்றாவது கேக்குக்கு இரண்டு வாரம் இருக்கையில், அவர் வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைப் பிடித்து அசைத்தேன். ஆடியது. சந்தோஷத்தில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன். அந்த ஆட்டத்தோடு ஒரு வண்டியைத் தெருவில் விடக் கூடாது என்பது ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவனுக்கும் தெரியும். ஆனால் நானாகச் சொன்னால், "கெடணும்னு காத்துக்கிட்டிருந்தீங்க போல" என்று சிரிப்பார். அவரே காதால் கேட்டுவிட்டு வரவேண்டும்.

"நாளைக்கு மலைக்குப் போறேன் மச்சான். வண்டி எப்படி இருக்கு?"

"ஜம்முனு இருக்கு மாப்ள. போயிட்டு வாங்க."

நான்காவது வளைவில் சக்கரம் மடங்கிவிட்டது. வண்டியில் அவர் மட்டும்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

தங்கை என் தோளில் விழுந்து அழுதாள். "நீ அப்பவே சொன்னியேண்ணா, நாங்கதான் கேக்கல" என்றாள். மூன்று வருடமாக நான் காத்திருந்த பேச்சு. அதைக் கேட்டதும் நெஞ்சுக்குள் இதமாக இருந்தது, ஐயா. மறைத்து என்ன ஆகப்போகிறது.

உடைந்த மூட்டைப் பார்த்துக் காரணம் எழுதித் தரச் சொல்லி உங்கள் போலீஸ் ஆட்கள் என்னிடமேதான் கொண்டுவந்தார்கள். செத்தவர் என் தங்கை கணவர் என்றேன். உங்களை விட்டால் யாருக்குத் தெரியும் என்றார்கள். 'தரக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து தூக்கம் பிடிக்கவில்லை.

அதைத் திருத்தத்தான் நானாக வந்திருக்கிறேன். உறை கிழிந்து, கிரீஸ் இல்லாமல், மணலோடு இத்தனை மாதம் ஓடிய மூட்டு அது. என் அனுபவத்தில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தரக்குறைவு என்பதை அடித்துவிட்டு, மிக உயர்ந்த தரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே தப்பு அதுதான்.