தீவு மழை

அந்தமானைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த கணவனும் மனைவியும் உத்திரமேரூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் மடியில் ஒரு பாட்டில் தண்ணீர்.

"அவ்ளோ தண்ணி கீது, ஒரு மதகு கூட இல்லியே!"

"கடலுக்கு எவன்டி மதகு வெப்பான்?"

"படகுல போவ சொல்ல, கடலுக்கு அடியில பவளக் கல்லெல்லாம் பூத்துகினு இருந்துச்சே. இன்னும் கண்ணுலயே கீது."

"எனுக்கு அந்தத் தேங்காப்பால் மீன்கொழம்பு."

ஜன்னலுக்கு வெளியே எங்கள் ஏரி வந்தது. காய்ந்த தரையில் மாடுகள் மேய்ந்தன.

"உப்புத் தண்ணிய இன்னாத்துக்குத் தூக்கினு வர?"

"உப்பு இல்லிய்யா. அங்க பேஞ்ச மழ, ஓட்டுலேர்ந்து வழிஞ்சத புடிச்சேன். நம்மூருக்கு வர மழைக்கு வழி மறந்துபோச்சு. இத ஏரில ஊத்தினா, மத்ததுங்க தேடிகினு வரும்."

"பைத்தியம்" என்று அவர் சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும் எழுந்து நின்றார்.

"கண்டக்டர், மதகாண்ட நிறுத்துப்பா."