புது ஸ்விட்ச்

மிஷின் என்றால் ஓட வேண்டும் மேடம், நின்று போனால் எனக்குச் சோறு இறங்காது. ஸ்டேஷனுக்குத் தானாக வந்தவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

அன்னூர் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் மிஷின்களெல்லாம் என் பொறுப்பு. அதில் ஒன்று ஏரேட்டர். பின்பக்கத் தட்டில் ஆள் ஏறி நின்று ஓட்டினால், இரும்புப் பற்கள் புல்தரையில் துளை போட்டுக்கொண்டே போகும். வேருக்குக் காற்று இறங்கும். தட்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் உண்டு. ஆள் இறங்கியதும் மிஷின் தானாக நின்றுவிடும்.

ஆடிச் சாரலில் அந்த ஸ்விட்சுக்குள் ஈரம் புகுந்தது. அதை ஓட்டுகிற பையன் மயில்சாமி தட்டில் நிற்கும்போதே மிஷின் நின்று நின்று போனது. ஸ்விட்சைக் கழற்றிவிட்டு, இரண்டு ஒயரையும் முறுக்கி டைரக்ட் கொடுத்தேன். எங்கள் தோட்டத்து மோட்டாரையும் வோல்டேஜ் குறைந்தால் ஸ்டார்ட்டரில் குச்சி செருகித்தான் ஓட்டுவோம். ஊரில் யாரும் அதைத் தப்பென்று சொன்னதில்லை.

“எறங்குனாலும் ஓடுதுங்ண்ணா, பயமா இருக்குதுங்க,” என்றான் மயில்சாமி.

“சாவியத் திருப்பிப்போட்டு எறங்கு கண்ணு. புது ஸ்விட்ச் வந்ததும் மாட்டிப்போடறேன்,” என்றேன்.

ஸ்விட்ச் வந்தது. ஷெட் அலமாரியில் வைத்தேன். நன்றாக ஓடுகிறதைப் பிரிக்க மனம் வரவில்லை. அந்த மழைக்காலத்தில் எதுவும் பழுதாகவில்லை என்று பிரின்சிபால் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். மயில்சாமிதான் முதலில் கை தட்டினான்.

சம்பவம் நடந்த அன்று மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மதில் ஓரம் தண்ணீர் தெளிக்கும் குழாயின் தலை புல்லுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. பற்கள் உடைத்துவிடுமே என்று மயில்சாமி குதித்து இறங்கி, முன்னால் ஓடி, அதை அமுக்கப் போயிருக்கிறான். சாவியை மறந்துவிட்டான். மிஷின் அவனை மதிலோடு சேர்த்து அழுத்தியது. பற்கள் தொடையில் இறங்கியிருந்தன. சத்தம் கேட்டு ஓடிப்போய் நான்தான் சாவியைத் திருப்பினேன்.

மறுபடி ஸ்டார்ட் செய்து பின்னால் எடுத்திருந்தால் அவன் வெளியே வந்திருப்பான். அது எனக்குத் தெரியும். ஆனால் ஒயர் முறுக்கியபடி இருந்தது. வருகிறவர்கள் கண்ணில் அதுதான் படும்.

ஷெட்டுக்குப் போய் ஸ்பேனரையும் புது ஸ்விட்சையும் எடுத்து வந்தேன். ஒயரைப் பிரித்து, ஸ்விட்சை மாட்டி, போல்ட்டை மெதுவாக இறுக்கினேன். அவசரப்பட்டால் மரை கெட்டுவிடும். முதலில் முனகினான், இரண்டாவது போல்ட்டுக்கு வரும்போது சத்தமில்லை. செய்ய வேண்டிய ரிப்பேர்தான் மேடம், கொஞ்சம் தாமதமாகச் செய்தேன். பிறகு பூச்செடி ஓரத்திலிருந்து ஒரு கல்லைத் தூக்கித் தட்டின்மேல் வைத்துவிட்டு, வாட்ச்மேனைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்றார் டாக்டர். கல்லை வைத்து ஸ்விட்சை ஏமாற்றிவிட்டு இறங்கியிருக்கிறான் என்று நான் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள்.

அவன் மனைவி அன்புச்செல்வி மட்டும் ஒரு தடவை கேட்டாள். “ஏனுங்ண்ணா, ஊட்ல கேஸ மூணு தரம் மூடிப் பாக்கற மனுசன், கல்ல வெச்சு ஓட்டுவாருங்களா?”

ஆமாம் என்றேன்.

“உங்குளுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துப்போட்டாருங்க, மன்னிச்சுக்கோங்ண்ணா,” என்று கும்பிட்டாள். அந்தக் கும்பிடுதான் என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. அடக்க முடியாமல் அழுதேன். நல்ல மனசு உங்களுக்கு என்று அவளே எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அவர் கடைசியாக ஏதாவது பேசினாருங்களா என்றும் கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பேசினான் மேடம். நான் ஷெட் பக்கம் திரும்பியபோது, ஆள் கூட்டி வரத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, “பாத்துப் போங்ண்ணா, அங்கெல்லாம் வழுக்குதுங்க,” என்றான்.