டீக்கடை மூடியதில் விரிந்த பொம்மைகள்

விருத்தாசலம் போகும் பஸ்ஸில், பொம்மைப் பட்டறை நடத்தும் அக்காவும் தம்பியும் எனக்கு முன் சீட்டில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“டீக்கடைக்காரரு சபரிமலைக்குப் போனதாலதாண்டா நம்ம பொம்மையில விரிசல் வுட்டுது.”

“சூடு சரியா வைக்கலன்னு சூளைக்காரர வேலைய விட்டு நிறுத்தியாச்சு. இப்ப சாமி மேல பழியாக்கா?”

“பக்கத்துக் கடை மூடிக் கிடக்குது. நம்ம ஆளுங்க எல்லாரும் டீ குடிக்க ஜங்ஷன் வரைக்கும் போறாங்க. திரும்பி வர்ற வரைக்கும் நிழலுக்கு எடுத்து வைக்க ஆளில்லாம ஈரப் பொம்மை வெயில்லயே கிடக்குது. அப்புறம் சூளையில விரியாம என்ன செய்யும்? இப்ப யார நிறுத்துவ, ஐயப்பனையா?”

எங்கேயோ ஒருவர் மலையேற, இங்கே மண் விரிகிறதே என்று நான் இருந்த இடத்திலேயே கைகூப்பினேன்.

தம்பி போனை எடுத்து, சூளைக்காரரைக் கூப்பிட்டான்.

“அண்ணே, நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க. தப்பு உங்க மேல இல்ல. டீய இனிமே பட்டறையிலயே போட்டுக்கலாம்.”